நாணயங்களின் கதை – 9: ஜூனோ கோயில் தங்கசாலை

ரோம் நகரின் கேபிடோலின் குன்றுக்கு இரண்டு முடிகள். தெற்கு முடியில் ஜூப்பிட்டர் கோயில் இருந்தது. வடக்கு முடிக்கு ஆர்க்ஸ் என்று பெயர். கோட்டை என்பது பொருள். கி.மு. 345இல் லூசியஸ் ஃபூரியஸ் கமில்லஸ் என்ற தளபதி போரின் நடுவே ஜூனோ தேவிக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். மறு ஆண்டே அந்தக் கோயில் ஆர்க்ஸ் முடியில் எழுந்தது. அங்கே குடிகொண்ட ஜூனோவுக்கு மொனேட்டா என்பது அடைமொழி. பிற்பாடு ரோமர்கள் வெள்ளிக்காசு அடிக்கத் தொடங்கியபோது தங்கசாலையை இந்தக் கோயிலை ஒட்டி அமைத்தார்கள். கோட்டைக் காவலும் தெய்வக் காவலும் ஒருங்கே வாய்த்த இடம் அது. நாளடைவில் தங்கசாலையே மொனேட்டா ஆயிற்று. அங்கிருந்து வெளிவந்த காசும் மொனேட்டா ஆயிற்று. தமிழ் இலக்கணம் இதை ஆகுபெயர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும்.

அடைமொழிக்கு விளக்கம் சொல்வதில் ரோமர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஒருமுறை நிலநடுக்கத்தின்போது ஜூனோ கோயிலிலிருந்து எச்சரிக்கைக் குரல் ஒன்று எழுந்ததாகவும், அதனால் ‘எச்சரிப்பவள்’ என்ற பெயர் வந்ததாகவும் சிசெரோ எழுதுகிறார். லத்தீனில் எச்சரிப்பதற்கு ‘மொனேரே’ என்பதால் ஒலிப்பொருத்தம் இருக்கிறது. அவருக்கு முந்தைய கவிஞரான லிவியஸ் ஆந்த்ரோனிக்கஸ், கிரேக்கர்களின் நினைவுத் தெய்வத்தை லத்தீனில் மொனேட்டா என்று குறித்தார். பகைவர் முற்றுகையின்போது கூக்குரலிட்டுக் கோட்டையைக் காப்பாற்றிய வாத்துகளின் கதையையும் இங்கே ஒட்டவைப்பவர்கள் உண்டு. கதை அழகானது, ஆனால் அந்த முற்றுகை கோயில் கட்டப்படுவதற்கு ஒரு தலைமுறைக்கும் மேல் முந்தியது.

விளக்கம் எதுவானாலும் சொல் பரவிய வழி தெளிவு. இத்தாலியனில் மொனேட்டா, ஸ்பானியத்தில் மொனேதா, பிரெஞ்சில் மொன்னே. பிரெஞ்சுக்காரர் இன்று மொன்னே என்றால் பெரும்பாலும் சில்லறையைத்தான் சொல்கிறார். ஆங்கிலத்தில் இதே சொல் இரண்டு முறை நுழைந்தது. ஜெர்மானியக் குடிகள் ரோமர்களோடு நேரடியாகப் பழகிய காலத்தில் கடன் வாங்கிய வடிவம் ‘மின்ட்’ ஆகித் தங்கசாலையைக் குறிக்கிறது. நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சு வழியாக வந்த வடிவம் ‘மனி’ ஆகிப் பணத்தைக் குறிக்கிறது. ஜெர்மனில் ‘முன்ஸெ’ என்ற ஒரே சொல் காசுக்கும் தங்கசாலைக்கும் பொது. போலந்துக்காரரும் ரஷ்யரும் உலோகக் காசை மொனேட்டா என்றே சொல்கிறார்கள். சென்னையில் தங்கசாலைத் தெருவை ஆங்கிலத்தில் ‘மின்ட் ஸ்ட்ரீட்’ என்கிறவர் வாயிலும் ஜூனோவின் அடைமொழிதான் வருகிறது.

‘காயின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு கோயிலில் அல்ல, பட்டறையில். ரோமத் தங்கசாலையில் வேலை நடந்த விதம் எளிமையானது. அடிப்புற அச்சு பட்டடையில் பதிந்திருக்கும். அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய உலோக வில்லையை இடுக்கியால் எடுத்து வைப்பார்கள். மேல் அச்சை ஒருவர் பிடித்துக்கொள்ள, அதன் தலையில் சம்மட்டி விழும். அடி சற்று விலகினால் சக்கரவர்த்தியின் மூக்கோ பட்டப்பெயரின் பாதியோ காசுக்கு வெளியே போய்விடும். அருங்காட்சியகங்களில் இப்படி மூக்கிழந்த மன்னர்கள் நிறைய. ஆப்பு போன்ற அந்த அச்சு லத்தீன் ‘குனேயஸ்’, அதாவது ஆப்பு, என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சில் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் அச்சின் பெயரை அச்சில் பிறந்த காசுக்கே வைத்துவிட்டார்கள். பிரெஞ்சில் அதே சொல் இன்று தெருமூலையையும் அறைமூலையையும் குறிக்கிறது. காசுக்கு அங்கே வேறு சொல்.

வெள்ளிக்கு முன்பு ரோமின் காசு வெண்கலம். பெயர் ‘ஆஸ்’. தொடக்கத்தில் அது அச்சில் அடித்த காசல்ல, வார்ப்பில் ஊற்றிய கட்டி. எடை ஒரு ரோம ராத்தல், அதாவது ஏறத்தாழ 325 கிராம். மடியில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போகக்கூடிய பொருளல்ல. ஒரு பக்கம் இரட்டை முகமுள்ள ஜேனஸ் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கப்பலின் முகப்பு. பின்னாளில் எடை குறைந்து கைக்கு அடங்கியபோது ரோமச் சிறுவர்கள் அதைச் சுண்டிவிட்டு ‘தலையா, கப்பலா’ என்று பந்தயம் கட்டினார்கள். காசு ஒழிந்த பிறகும் ‘ஒன்று’ என்ற பொருளில் ஆஸ் பிழைத்துக் கிடந்தது; பிரெஞ்சு வழியாகப் பகடையின் ஒற்றைப் புள்ளிக்கும் பிறகு சீட்டுக்கட்டுக்கும் வந்து சேர்ந்தது. சீட்டாட்டத்தில் ‘ஆஸ்’ இறக்குகிறவர் இறக்குவது ரோமக் குடியரசின் வெண்கலக் காசு.

ஐரோப்பியப் பணச்சொற்களில் பெருங்குடும்பம் தெனாரியஸ் உடையது. ஹன்னிபாலின் படை இத்தாலி மண்ணில் நின்ற நெருக்கடியில், ஏறத்தாழ கி.மு. 211இல், இந்த வெள்ளிக்காசு பிறந்தது. எடை சுமார் நாலரை கிராம். மதிப்பு பத்து ஆஸ்; பெயருக்கே ‘பத்துக் கொண்டது’ என்று பொருள். ரோமா தேவியின் தலைக்குப் பின்னால் பெருக்கல் குறி போன்ற ரோம எண் பத்து பொறிக்கப்பட்டது. கி.மு. 141 வாக்கில் ஒரு தெனாரியஸுக்குப் பதினாறு ஆஸ் என்று கணக்கு மாற்றப்பட்டது. மதிப்பு பதினாறு, பெயர் மட்டும் பத்து. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நீரோ கி.பி. 64இல் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் படைச்செலவுக்குப் பணம் தேடி வெள்ளியில் செம்பை ஏற்றிக்கொண்டே போனார்கள். மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் தெனாரியஸ் கையில் புழங்கும் காசாக இல்லாமல் ஏட்டுக் கணக்கு ஆகிவிட்டது. கி.பி. 301இல் டயோக்லீஷியன் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணை ஒரு ராத்தல் தங்கத்துக்கு 72,000 தெனாரியஸ் என்று விலை வைத்தது. காசு கெட்டது, கணக்குக்கு அந்தப் பெயரை விட்டால் வேறு வழியில்லை.

அந்தப் பெயர்தான் இத்தாலியனில் தெனாரோ, ஸ்பானியத்தில் தினேரோ, போர்த்துக்கீசியத்தில் தின்யேய்ரு. மூன்றும் இன்று எந்தக் காசின் பெயரும் அல்ல, பணத்துக்கே பொதுப்பெயர். பிரான்சில் ‘தெனியே’ என்ற சிறு வெள்ளிக்காசாக இடைக்காலம் முழுவதும் ஓடியது. செர்பியா தினார் என்றும் வடக்கு மாசிடோனியா தெனார் என்றும் இன்றும் வைத்திருக்கின்றன.

கிழக்கே போன கிளை வெள்ளியை விட்டுத் தங்கத்தில் ஏறியது. ரோமப் பொற்காசான ஆரியஸைப் ‘பொன் தெனாரியஸ்’ என்று அழைக்கும் வழக்கம் இருந்ததால், கிழக்கு நாடுகள் அடைமொழியை உதிர்த்துவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டன. குப்தர் காலக் கல்வெட்டுகள் பொற்காசைத் தீனாரம் என்கின்றன. அந்தப் பொன் தமிழகத்துக்கும் ஏராளமாக வந்தது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ஆரியஸ்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு. ரோமச் சக்கரவர்த்தியின் முகத்துக்கு இங்கே செல்லுபடி இல்லை, எடைக்கு மட்டுமே மதிப்பு என்பதை அந்த வெட்டு காட்டுகிறது.

உமையாக் கலீபா அப்துல் மாலிக் ஹிஜ்ரி 77இல், கி.பி. 696-97இல், உருவங்களை நீக்கி அரபு எழுத்து மட்டுமே கொண்ட தங்க தினாரை வெளியிட்டார். எடை 4.25 கிராம். கிழக்கு ரோமின் செப்புக்காசான ‘ஃபோலிஸ்’ அரபியில் ஃபல்ஸ் ஆயிற்று. தோல்பை, கொல்லன் துருத்தி ஆகியவற்றுக்கான லத்தீன் சொல் அது. குவைத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவரின் சம்பளச் சீட்டில் உள்ள தினாருக்கும், அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான ஃபில்ஸுக்கும் மூலம் லத்தீன்தான்.

இந்தப் பயணத்தின் விசித்திரமான தடயம் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட ஆஃபா அடிப்பித்த பொற்காசு அது. கலீபா அல் மன்சூரின் தினாரைப் பார்த்து அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும், இறைவன் ஒருவனே என்ற இஸ்லாமிய உறுதிமொழியும் கூட விடுபடவில்லை. அரபு வரிகளுக்கு நடுவே ‘ஆஃபா அரசன்’ என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. அரபு வரிகளை நேராகப் பிடித்தால் மன்னர் பெயர் தலைகீழாக நிற்கும். அச்சு வெட்டியவருக்கு அரபு எழுத்தின் மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. ரோமில் பிறந்த பெயர் பாக்தாத் போய்த் தங்கமாகி, கிறிஸ்தவ மன்னர் ஒருவரின் காசில் தலைகீழாக மேற்கே திரும்பியிருக்கிறது.

தெனாரியஸ் விழுந்த இடத்தில் எழுந்தது சாலிடஸ். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் ஒரு ராத்தல் தங்கத்துக்கு 72 காசு என்று கணக்கிட்டு இதை அடிப்பித்தார். ‘கெட்டியானது, முழுமையானது’ என்று பெயரிலேயே உறுதி சொன்ன காசு. அந்த உறுதியைக் கான்ஸ்டான்டிநோபிள் ஏறத்தாழ 700 ஆண்டுகள் காப்பாற்றியது. பதினோராம் நூற்றாண்டில்தான் தரம் சரிந்தது. உலக நாணய வரலாற்றில் இதற்கு ஈடு சொல்ல அதிகம் இல்லை. ஆறாம் நூற்றாண்டு எழுத்தாளர் காஸ்மஸ் இதைப் பற்றி இலங்கையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். அரசவையில் பாரசீக வணிகர் ஒருவர் தம் மன்னரே பெரியவர் என்று பேச, சோபாட்ரஸ் என்ற ரோம வணிகர் இரு மன்னர்களின் காசையும் வாங்கிப் பார்க்கும்படி அரசரிடம் சொன்னார். ஒன்று பளபளக்கும் தங்கம், மற்றது வெள்ளி. அரசர் ரோமின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். காஸ்மஸ் ரோமின் குடிமகன் என்பதால் கதையைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். இருந்தாலும் அந்தக் காசுக்கு இருந்த மதிப்பு அதில் தெரிகிறது.

படைவீரரின் கூலி சாலிடஸில் அளக்கப்பட்டதால் இத்தாலியனின் சோல்தாத்தோ, பிரெஞ்சின் சோல்தா, ஆங்கிலத்தின் சோல்ஜர் மூன்றும் ‘கூலி பெறுபவன்’ என்ற பொருளில் பிறந்தன. ஸ்பெயினில் சுவெல்தோ என்றால் எந்த வேலைக்குமான சம்பளம். காசின் பெயராகவே தங்கிய இடங்களில்தான் சரிவு. இத்தாலியின் சோல்தோ சிறு காசு. பிரான்சின் சூ அதைவிடக் கீழே இறங்கி, புரட்சிக்குப் பின் ஐந்து சாந்தீம் செப்புக்காசின் செல்லப்பெயர் ஆயிற்று. கையில் ஒரு சூ கூட இல்லை என்றால் பிரெஞ்சில் செல்லாக்காசும் இல்லாதவன் என்று அர்த்தம். நாலரை கிராம் தங்கத்துக்கு வந்த கதி அது.

தெனாரியஸ், சாலிடஸ் இரண்டோடும் சேரும் மூன்றாவது சொல் காசே அல்ல, எடை. ‘லிப்ரா’ என்றால் தராசு, ராத்தல் எடை. சார்லமேன் கி.பி. 794 வாக்கில் நாணயங்களைச் சீர்திருத்தியபோது ஒரு லிப்ரா வெள்ளியிலிருந்து 240 தெனாரியஸ் அடிக்க வேண்டும் என்று விதித்தார். பன்னிரண்டு தெனாரியஸ் ஒரு சாலிடஸ், இருபது சாலிடஸ் ஒரு லிப்ரா. இவற்றில் கையில் புழங்கியது தெனாரியஸ் மட்டுமே. மற்ற இரண்டும் பல நூற்றாண்டுகள் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் மட்டும் வாழ்ந்தன. லிப்ரா பிரான்சில் லீவ்ர் ஆகவும் இத்தாலியில் லிரா ஆகவும் மாறியது. இத்தாலி 2002இல் யூரோவுக்குப் போனது. துருக்கியில் லிரா இன்னும் ஓடுகிறது.

ஆங்கிலேயர்கள் இதில் ஒரு வேடிக்கை செய்தார்கள். பென்னி, ஷில்லிங் என்ற தங்கள் ஜெர்மானியப் பெயர்களை விடவில்லை. எழுதும்போது மட்டும் லத்தீன் முதலெழுத்துகளைப் போட்டார்கள். பவுண்டுக்கு லிப்ராவின் ‘எல்’, ஷில்லிங்குக்கு சாலிடஸின் ‘எஸ்’, பென்னிக்கு தெனாரியஸின் ‘டி’. பவுண்டின் குறியீடு குறுக்குக் கோடு போட்ட ‘எல்’ எழுத்துதான். பென்னி என்று வாயால் சொல்லி ‘டி’ என்று கையால் எழுதுகிற இந்த வழக்கம், 1971 பிப்ரவரி 15இல் பதின்மக் கணக்கு நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. பவுண்டு என்ற பெயரும் அசல் ஆங்கிலம் அல்ல. ‘எடையில் ஒரு ராத்தல்’ என்ற லத்தீன் தொடரில் லிப்ராவை அடுத்து வரும் ‘பொன்டோ’தான் அது. தமிழின் இராத்தலும் இந்தச் சுற்றத்தில் தூரத்து உறவு. லிப்ராவின் உடன்பிறப்பான கிரேக்க ‘லித்ரா’ அரபியில் ரத்ல் ஆகி இங்கே வந்தது. இலங்கைத் தமிழர் ‘ஒரு இறாத்தல் பாண்’ கேட்கும்போது, பாண் என்பதும் லத்தீன் ‘பானிஸ்’ போர்த்துக்கீசிய வாய்வழி வந்ததே.

வணிகம் பெருகியபோது சிறிய தெனியே போதவில்லை. 1200 வாக்கில் வெனிஸ் கனமான வெள்ளிக்காசு அடித்தது. ‘பருத்தது’ என்ற பொருளில் கிராஸஸ் என்றார்கள். பிரான்சில் 1266இல் ஒன்பதாம் லூயி, பொஹீமியாவில் 1300இல் இரண்டாம் வென்சஸ்லாஸ் என்று இந்தப் பருத்த காசு எங்கும் பின்பற்றப்பட்டது. ஆங்கிலத்தில் குரோட், ஜெர்மனில் குரோஷன், துருக்கியில் குருஷ், எகிப்தில் கிர்ஷ் என்றெல்லாம் ஆன அந்தச் சொல், போலந்தில் குரோஷ் ஆகி இன்று ஸ்வாட்டியின் நூறில் ஒரு பங்காக மெலிந்து நிற்கிறது.

தங்கத்தில் ஃபிளாரன்ஸ் 1252இல் முந்திக்கொண்டது. நகரின் லில்லிப் பூச் சின்னத்தால் காசு ஃபியோரினோ; ‘பூ’வுக்கான லத்தீன் சொல் ‘ஃபுளோஸ்’. ஹங்கேரியின் ஃபொரின்ட் இதன் வாரிசு. டச்சுக்காரர்கள் தங்கள் காசைக் கில்டர் என்று சொல்லி, ஃபுளோரினின் ‘எஃப்’ எழுத்தால் 2002 வரை குறித்தார்கள். வெனிஸ் 1284இல் டூக்கட் வெளியிட்டது. ‘டூக்காட்டஸ்’ என்றால் டூக்கின் ஆட்சிப்பகுதி; காசில் பொறித்த லத்தீன் வாசகம் அந்தச் சொல்லில்தான் முடியும். மூன்றரை கிராம் எடையுள்ள இந்தத் தூய தங்கம் மிளகுக்கு விலையாகத் தென்னிந்தியாவுக்குக் குவியலாக வந்தது. புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருக்கும் வெனிஸ் ஆட்சியாளர், தெற்கத்திக் கண்களுக்குப் பனையேறும் ஆளாகத் தெரிந்தார். அந்த அளவில் அந்தக் காசு ஊர்க்காசாகிவிட்டது.

பிறகு வந்த பெயர்களில் பெரும்பாலானவை மன்னரின் அணிமணிகள். ‘ரெகாலிஸ்’, அரசனுக்குரியது, ஸ்பெயினில் ரியால் ஆகி, அங்கிருந்து சவூதி, ஓமான், ஈரான் வரை போனது. பிரேசிலின் ரியால் 1994இல் பிறந்த இளையது. ‘கொரோனா’, மகுடம், வட ஐரோப்பிய நாடுகளின் குரோனும் செக் நாட்டின் கொருனாவும் ஆயிற்று. ‘ஸ்கூட்டம்’, கேடயம், போர்ச்சுக்கலின் எஸ்குதோவும் பிரான்சின் எக்யூவும் ஆயிற்று. பெசோ மட்டும் விலகி நிற்கிறது: அது ‘பென்சம்’, எடை. சென்ட், சாந்தீம் எல்லாம் ‘கென்டம்’, நூறு என்பதன் குட்டிகள். அவற்றில் சொல்ல அதிகமில்லை. ஐரோப்பா முழுவதும் லத்தீனுக்கு அடங்கியதாகவும் எண்ண வேண்டாம். பொஹீமியச் சுரங்க ஊரில் பிறந்த தாலர், அதன் பிள்ளையான டாலர், ஜெர்மானிய மார்க், ரஷ்ய ரூபிள் ஆகியவற்றுக்கு ரோமோடு ஒட்டுறவு இல்லை.

கடல் கடந்த வழியில் தமிழும் ஒரு சொல் கொடுத்திருக்கிறது. ‘காசு’ போர்த்துக்கீசியர் வாயில் கைஷா ஆயிற்று. பெட்டிக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லின் வடிவம் அது. அதிலிருந்து ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்ற சிறு செப்புக்காசின் பெயரை எடுத்தார்கள். ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. அது பெட்டிக்கான லத்தீன் ‘காப்ஸா’வின் வழி வந்தது. பிறப்பில் சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் ஒரே உருவில் நிற்கின்றன. 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்காமின் சோஹோ தங்கசாலையில் அடித்த செப்புக்காசில் ரோம எண் பத்தும் ‘கேஷ்’ என்ற சொல்லும் அடுத்தடுத்து இருக்கும். அந்த எண், ஹன்னிபால் காலத்து முதல் தெனாரியஸில் இருந்த அதே எண்.

நகைக்கடைப் பேச்சில் இருக்கும் இரண்டு சொற்களும் இந்தக் கணக்கில் சேரும். 1817 முதல் பிரிட்டன் அடித்த சாவரின் என்ற பொற்காசின் மதிப்பு ஒரு பவுண்டு, எடை 7.98 கிராம். சாவரின் என்றால் மேலாளும் மன்னர். பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல்லின் வேர் லத்தீன் ‘சூப்பர்’, மேலே என்பது. காசின் பெயர் தமிழில் சவரன் ஆயிற்று, அதன் மதிப்பின் பெயர் பவுன் ஆயிற்று, இரண்டும் ஒரே எடையைக் குறித்தன. தமிழ்நாட்டு நகைக்கடைகளில் சவரன் 8 கிராமாகக் கணக்கிடப்படுவது அந்த ஆங்கிலக் காசின் எடையை முழு எண்ணாக்கியதால்தான்.

(தொடரும்)